அத்தியாயம் 7: தரையில் இருப்பது எந்தத் தண்ணீர்?

சில்லருக்கு அடியில் ஈரம் தெரிந்தவுடன் கை ஸ்பேனரைத் தேடும். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். திருச்சி வட்டாரத்து ஆய்வகம் ஒன்றுக்குள் நான்கு விதத் தண்ணீர் நடமாடுகிறது: ஆற்றுத் தண்ணீர், போர்த் தண்ணீர், சில்லருக்குள் நாமே ஊற்றிய டிஸ்டில்டு வாட்டர், குளிர்ந்த குழாயின்மேல் காற்றிலிருந்து இறங்கும் வேர்வை. தரையில் சிந்திவிட்டால் நான்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் வைத்தியம் வேறு வேறு. வேர்த்த குழாயை ஒழுகல் என்று நினைத்து முறுக்கினால் நன்றாக இருந்த ஜாயின்ட் உடையும். உப்பு அரித்த குழாய்க்கு டேப் சுற்றினால் அடுத்த மாதம் பக்கத்து ஜாயின்டில் சொட்டும்.

எக்ஸ்ஆர்டி, ரோட்டரி எவாபரேட்டர், டிஃப்யூஷன் பம்பு, இண்டக்ஷன் ஃபர்னஸ், லேசர் என்று தண்ணீரால் குளிரும் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் லேப் உதவியாளர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் இந்த அத்தியாயம்.

இந்த ஊர்த் தண்ணீர்

மாநகராட்சிக் குழாயில் வருவது, கம்பரசம்பேட்டை போன்ற இடங்களில் காவிரி, கொள்ளிடம் படுகைகளில் இறக்கிய கிணறுகளின் தண்ணீர். மணலே வடிகட்டித் தருவதால் கலங்கல் குறைவு, உப்பும் போர்த் தண்ணீரைவிடக் குறைவு. ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவே வண்டல்மேல் அமைந்த தீவு. அங்கே அதிக ஆழம் போகாமலே தண்ணீர் கிடைக்கும். ஆற்றில் நீரோட்டம் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து அதன் மட்டமும் மாறும். ஆற்றைவிட்டுத் தெற்கே போகப் போகக் கடினப் பாறை. அதன் வெடிப்புகளிலிருந்து வரும் போர்த் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம்.

நாவலூர் குட்டப்பட்டுப் பக்கம் களர் நிலம். அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரி இருப்பது அங்கேதான். களர் நிலச் சீர்திருத்தம் அதன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்று. களர் மண்ணுக்கு அடியில் கிடைக்கும் தண்ணீரில் சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து காரத்தன்மை ஏறியிருக்கும். காரத் தண்ணீர் அலுமினியத்தைக் கரைக்கும். அலுமினிய பிளாக் வைத்த கருவி எதற்கும் அந்தத் தண்ணீரை நேராக இணைக்கக் கூடாது.

பல வளாகங்களில் ஆற்றுத் தண்ணீரும் போர்த் தண்ணீரும் ஒரே மேல்தொட்டியில் கலக்கின்றன. ஆற்றுத் தண்ணீர் குறையும் கோடையில் போர்த் தண்ணீரின் பங்கு கூடும். அதனால் தை மாதம் எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைச் சித்திரை மாதத்துக்கு நம்பாதீர்கள்.

இன்னொரு பொறி, ‘குடிக்கத் தகுந்த தண்ணீர்தானே’ என்ற நினைப்பு. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. 600 உள்ள தண்ணீரை மனிதர் குடிக்கலாம். எக்ஸ்ஆர்டி டியூபின் மெல்லிய நீர்வழியில் அது உப்புக்கட்டி போட்டுவிடும்.

முதல் ஐந்து நிமிடம்

தண்ணீர் பெருகி ஓடினால் காரணம் தேட நேரமில்லை. இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. ஈரத் தரையில் கால் வைக்காமல், உலர்ந்த இடத்தில் உள்ள எம்சிபியில் கருவிக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்துங்கள். நனைந்த பிளக்கைப் பிடித்து இழுக்காதீர்கள்.
2. தண்ணீர் வரும் வால்வை மூடுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று லேபில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிவப்புப் பெயிண்ட் அடித்து வையுங்கள்.
3. நெருங்குவதற்கு முன் பவர் ஸ்ட்ரிப்பும் யுபிஎஸ்ஸும் தரையில் கிடக்கின்றனவா என்று பாருங்கள். வாரியத்தின் மின்சாரம் போனாலும் யுபிஎஸ் உயிரோடு இருக்கும்.
4. எந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் பரவியது என்பதைப் போட்டோ எடுத்த பிறகே துடையுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. டிஃப்யூஷன் பம்பு, ஃபர்னஸ் போன்ற சூடான கருவிகளில் சொட்டுச் சொட்டாக மட்டும் ஒழுகினால், ஹீட்டரை அணைத்துவிட்டுக் கருவி ஆறும்வரை தண்ணீரை ஓடவிடுங்கள். சூடாக இருக்கும்போதே தண்ணீரை நிறுத்தினால் டிஃப்யூஷன் பம்பின் எண்ணெய் ஆவி வேக்குவம் அறைக்குள் ஏறும். ஃபர்னஸின் காயில் உருகவும் கூடும்.

டிடிஎஸ் பேனா: ஒரு நிமிடச் சோதனை

வீட்டு ஆர்ஓ மெஷின் பார்க்க வருபவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் டிடிஎஸ் பேனா லேபுக்கும் வேண்டும். சுத்தமான சின்ன பீக்கரைச் சொட்டும் இடத்தில் வைத்துக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். தரையில் வழித்தெடுத்தது பயன்படாது. தரையின் அழுக்கும் சேர்ந்து கணக்கு காட்டும்.

- பல நூறு அல்லது ஆயிரத்துக்கு மேல் என்றால் மேல்தொட்டித் தண்ணீர். சப்ளை லைன், வால்வு, சிங்க் பக்கம் தேடுங்கள்.
- இரண்டு இலக்கத்தில் நின்றால் பெரும்பாலும் வேர்வை, அல்லது ஏசி டிரெயின் தண்ணீர்.
- சில்லர் தொட்டியில் உள்ள தண்ணீரின் அளவோடு ஒத்துப்போனால் சுற்றுக்குள்ளேயே கசிவு.

தொட்டியில் டிஸ்டில்டு வாட்டர் புதிதாக ஊற்றியிருந்தால் அதுவும் வேர்வையும் ஒரே அளவு காட்டும். அப்போது தொட்டியின் நீர்மட்டத்தைப் பாருங்கள். வெளியே மார்க்கரில் கோடு போட்டு, மூடியை இறுக்கி, ஒரு நாள் விடுங்கள். தரையில் ஈரம் இருக்கிறது, மட்டம் இறங்கவில்லை என்றால் குற்றவாளி காற்று.

படிந்திருக்கும் கறையும் சாட்சி சொல்லும். வெள்ளைப் படிவு என்றால் கடினநீர் பல நாளாகக் கசிந்து காய்கிறது. நீலப்பச்சை என்றால் செம்போ பித்தளையோ அரிபடுகிறது. பழுப்பு நிறம் இரும்புத் துரு. வழவழப்பான பச்சை பாசி. வேர்வைக்கு மட்டும் பெரும்பாலும் கறை கிடையாது.

குழாய் ஏன் வேர்க்கிறது

காற்றில் உள்ள ஈரம் எந்த வெப்பநிலையில் நீராக இறங்குமோ அது பனிநிலை. குழாயின் மேற்பரப்பு அதற்குக் கீழே போனால் வேர்க்கும். சில்லர் பழுதாக வேண்டியதில்லை.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திருச்சியில் ஏசி இல்லாத ஓர் அறை 30 டிகிரியில், 60 சதவீத ஈரப்பதத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பனிநிலை ஏறக்குறைய 21 டிகிரி. அதே அறை 32 டிகிரி, 70 சதவீதம் என்றால் பனிநிலை 26 டிகிரிக்கு ஏறுகிறது. ஏசி போட்டு 24 டிகிரி, 55 சதவீதத்தில் வைத்தால் 14 டிகிரிதான். சில்லரை 16 டிகிரியில் வைத்தால், ஏசி ஓடும்வரை குழாய் காய்ந்திருக்கும். ஏசி நின்ற சிறிது நேரத்தில் வேர்க்கத் தொடங்கும். காலையில் தண்ணீர் தேங்குகிறது, மதியம் காய்ந்துவிடுகிறது என்ற மர்மத்துக்குப் பல லேப்களில் இதுதான் விடை: இரவில் ஏசியை நிறுத்துகிறார்கள், சில்லரை நிறுத்துவதில்லை.

அறையில் ஒரு ஹைக்ரோமீட்டர் மாட்டுங்கள். கருவியின் கையேடு அனுமதித்தால் சில்லரை 20 முதல் 22 டிகிரியில் வையுங்கள். குளிர்ச்சி கூடினால் கருவிக்கு நல்லது என்பது பொதுவான தவறான எண்ணம். அதற்கும் கீழே வைத்தே ஆக வேண்டுமானால் குழாய்களுக்குக் கறுப்பு நுரைக் குழாய் உறை போட்டு, உறையின் இணைப்புகளை டேப்பால் முழுதும் மூடுங்கள். சின்ன இடைவெளி விட்டாலும் ஈரக்காற்று உள்ளே நுழைந்து உறைக்கு அடியில் வேர்க்கும். வெளியே தெரியாது, செம்பு மட்டும் பச்சை பிடிக்கும்.

கருவிக்குள் வேர்ப்பது இதைவிட ஆபத்து. எக்ஸ்ஆர்டியின் டியூப் ஷீல்டிலோ லேசரின் ஒளியியல் பகுதியிலோ நீர்த்துளி விழுந்தால் செலவு பெரியது.

கசிவின் இடத்தைக் கண்டுபிடித்தல்

பம்பு ஓடும்போது மட்டும் ஒழுகினால் பம்புக்குப் பிந்தைய அழுத்தப் பக்கத்தில் கசிவு. பம்பு நின்றதும் சொட்டினால் தொட்டி மட்டத்துக்குக் கீழே உள்ள உறிஞ்சும் பக்கம். அந்தப் பக்கம் ஓடும்போது தண்ணீரை வெளியே விடாது, காற்றை உள்ளே இழுக்கும். கண்ணாடிக் குழாயில் குமிழ்கள், பம்பில் கரகரச் சத்தம், அடிக்கடி ஃப்ளோ அலாரம், இவை அதன் அடையாளங்கள். வெளியே ஒரு சொட்டும் இருக்காது.

இடம் தெரியாதபோது எல்லா ஜாயின்டையும் நன்றாகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, ஓடவிட்டு அரை மணி கழித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதலில் நனைந்தது எதுவோ அதுதான் இடம்; கீழே உள்ளவை வழிந்து நனைந்தவை.

வேதியியல் லேபுக்குக் கைவசம் இன்னொரு வழி உண்டு. மயில்துத்தத்தை வறுத்து வெள்ளையாக்கிய பொடியை உலர்ந்த பேப்பரில் தூவிச் சந்தேகமான ஜாயின்டுக்குக் கீழே வையுங்கள். ஒரு துளி பட்டாலும் நீலமாகும். காற்றின் ஈரத்திலேயே அது மெல்ல நிறம் மாறும் என்பதால் வறுத்தவுடன் பயன்படுத்துங்கள். நச்சுப் பொருள், அலுமினியத்தையும் அரிக்கும். பேப்பரைவிட்டு வெளியே சிந்தவிடாதீர்கள்.

வெளியே கசியாத கசிவும் உண்டு. தொட்டியின் மட்டம் தானாக ஏறினால், பிளேட் எக்ஸ்சேஞ்சருக்குள் ஓட்டை விழுந்து வெளிச் சுற்றுத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று பொருள். ரோட்டரி எவாபரேட்டரின் கண்ணாடி கன்டென்சரில் மயிரிழை விரிசல் விழுந்தால் வடித்த கரைப்பானில் தண்ணீர் கலக்கும். சோடியம், லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு போன்றவை வைத்து ரிஃப்ளக்ஸ் செய்யும் லேபில் அந்த விரிசல் தீ விபத்தில் முடியும். ஒவ்வொரு முறையும் கன்டென்சரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே மாட்டுங்கள்.

ஜாயின்ட் வாரியாகச் சரிசெய்தல்

*ஹோஸ்.* பிவிசி ஹோஸ் வெயிலிலும் சூட்டிலும் முதலில் இளகும், பிறகு விறைக்கும். கோடையில் இளகிய ஹோஸ் கிளாம்புக்கு அடியில் நசுங்கி, மார்கழியில் தளர்ந்து ஒழுகும். முனை விறைத்திருந்தால் கிளாம்பை இறுக்காதீர்கள். ஓர் அங்குலம் வெட்டி எறிந்து புதுமுனையை மாட்டுங்கள். வெட்ட நீளம் இல்லையென்றால் ஹோஸையே மாற்றுங்கள். கட்டுக்கம்பி சுற்றும் பழக்கம் வேண்டாம். ஓரிடத்தில் அறுக்கும், மறு இடத்தில் தளர்த்தும்.

*திருகு மரை.* முனை சரிந்த மரைக்கு டெஃப்லான் டேப் பொருந்தும். மரையின் முனை உங்களைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் மூன்று முதல் ஐந்து சுற்று. எதிர்ப்பக்கம் சுற்றினால் முறுக்கும்போதே டேப் பிரிந்து ஃபில்டரில் போய் அடையும். நேரான மரையில் நீரைத் தடுப்பது வாஷரோ ஓ-ரிங்கோதான். அங்கே எவ்வளவு டேப் சுற்றினாலும் பயனில்லை. பிளாஸ்டிக் பெண்மரையில் பித்தளை ஆண்மரையை முறுக்கும்போது கை இறுக்கத்துக்கு மேல் சிறிதளவே போதும். அழுத்தி முறுக்கினால் அன்று தாங்கி, சில நாளில் நெடுக்காகப் பிளக்கும்.

*பம்பு சீல்.* மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் மெக்கானிக்கல் சீல் தேய்ந்துவிட்டது. தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டினால் அது சீக்கிரம் கருகும். சுற்றைக் காலி செய்து நிரப்பும்போது காற்று வெளியேறும்வரை பம்பை விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

*எம்-சீல்.* இரவைக் கடத்த மட்டும். வைத்த தேதியை அதன்மேலேயே எழுதி, வார இறுதிக்குள் நிரந்தரமாகச் சரிசெய்யுங்கள்.

அழுத்தம்: திருச்சி அறிந்த கலை

1960-களில் திருவெறும்பூரில் பெல் நிறுவனத்தின் பாய்லர் ஆலை வந்தது முதல், துவாக்குடி வரை பரவிய பட்டறைகளுக்கு ஹைட்ரோ டெஸ்ட் அன்றாட வேலை. 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிகள் புது பாய்லரை வேலை அழுத்தத்தைப்போல ஒன்றரை மடங்கு நீரழுத்தத்தில் சோதிக்கச் சொல்கின்றன. காற்றைவிட்டுத் தண்ணீரால் சோதிப்பதற்குக் காரணம் உண்டு: காற்று அமுங்கிச் சக்தியைச் சேர்த்துக்கொள்ளும், உடைந்தால் வெடிக்கும். தண்ணீர் அமுங்காது, உடைந்தால் பீச்சும், அவ்வளவுதான்.

லேபின் குழாய்ச் சுற்றுக்கும் இதே முறைதான். கருவி, கண்ணாடிப் பொருட்கள், சில்லர் மூன்றையும் கழற்றிவிட்டு, குழாயை மட்டும் கைப்பம்பால் நிரப்பி, வேலை அழுத்தம் 2 பார் என்றால் 3 பார் ஏற்றி அரை மணி பாருங்கள். முள் இறங்கக் கூடாது. ஹோஸில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாதீர்கள். சிலிண்டர் கேஸை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

குழாய்த் தண்ணீரை நேராகக் கன்டென்சருக்கு விடும் லேப்களில் இரவு வெள்ளத்துக்கும் அழுத்தமே காரணம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார். பகலில் எல்லா மாடிகளிலும் குழாய் திறந்திருக்கும், அழுத்தம் குறைவு. இரவில் எல்லாம் மூடியதும் அது ஏறி, பகலில் தாங்கிய ஹோஸைக் கழற்றிவிடும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும் ஆறு மணி நேர ரிஃப்ளக்ஸுக்கு 720 லிட்டர் சாக்கடைக்குப் போகிறது. தொட்டியும் சின்ன பம்பும் வைத்துச் சுழற்றுங்கள். வெள்ளமும் வராது, தண்ணீரும் மிஞ்சும்.

எதை ஊற்றுவது

மூடிய சுற்றுக்கு டிஸ்டில்டு வாட்டர். மிகத் தூய டிஅயனைஸ்டு வாட்டர் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அது செம்பையும் பித்தளையையும் தேடிக் கரைக்கும். கையேடு கேட்டால் மட்டும் ஊற்றுங்கள். செம்பும் அலுமினியமும் ஒரே சுற்றில் இருந்தால் அலுமினியம் அரிபடும். தடுப்பு மருந்து எது என்று கருவியின் கையேட்டில் பாருங்கள். கார் கூலன்ட் இதற்கானதல்ல.

உப்புப் படிந்த செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்க்கு 2 முதல் 5 சதவீத சிட்ரிக் அமிலக் கரைசலை அரை மணி முதல் ஒரு மணி வரை சுழற்றி, சமையல் சோடாக் கரைசலால் நடுநிலையாக்கி, பலமுறை கழுவுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கூடாது. குளோரைடு அதில் குழி போடும். அமிலத்தையும் பிளீச்சிங் கரைசலையும் ஒரே சுற்றில் அடுத்தடுத்துக் கூட ஓட்டாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கூலிங் டவர் உள்ள கட்டடங்களில் கவனம் கூடுதலாக வேண்டும். 10 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்ற மணிக்குச் சுமார் 15 லிட்டர் ஆவியாகிறது. உப்பு முழுதும் தொட்டியிலேயே தங்குகிறது. அதனால்தான் அவ்வப்போது கொஞ்சம் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்கிறோம். 1976-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிய நிமோனியாவுக்குக் காரணமான லெஜியனெல்லா பாக்டீரியா வெதுவெதுப்பான தேங்குநீரில் பெருகும். தண்ணீர்த் தூவலோடு மூச்சில் நுழையும். அது விரும்பும் வெப்பநிலை நம் ஊர்த் தொட்டிகளில் ஆண்டு முழுதும் உண்டு. டவரைக் கழுவுபவருக்கு முகக்கவசம் கொடுங்கள்.

திருச்சிக்கான பராமரிப்பு நாட்காட்டி

*மாசி, பங்குனி:* சில்லரின் கன்டென்சர் துடுப்புகளில் உள்ள தூசியை அடித்து எடுங்கள். பல சில்லர்கள் 35 அல்லது 40 டிகிரி அறை வெப்பம் வரைதான் முழுத்திறனோடு ஓடும்.

*அக்னி நட்சத்திரம்:* சில்லர் வெளியே தள்ளும் சூடான காற்று அதற்கே திரும்பி வராதபடி இடம் விடுங்கள். மேல்தொட்டித் தண்ணீரின் டிடிஎஸ்ஸை வாரம் ஒருமுறை எழுதுங்கள்.

*ஆற்றில் புதுத்தண்ணீர் வரும் ஆனி, ஆடி:* வரத்துக் குழாயின் ஃபில்டரைத் திறந்து பாருங்கள்.

*ஐப்பசி, கார்த்திகை:* ஈரப்பதமும் சில்லரின் செட்டிங்கும் பொருந்துகின்றனவா என்று பார்க்கும் காலம். குழாய் உறைகளைச் சரிபாருங்கள்.

*மார்கழி, தை:* வைகுண்ட ஏகாதசி உள்ளூர் விடுமுறை, பிறகு பொங்கல். பூட்டுவதற்கு முன் மெயின் வால்வை மூடிச் சாவியோடு ஒரு சீட்டு கட்டுங்கள். ஹோஸ் மாற்றவும் இந்த நாட்களே வசதி.

மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாளையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் தொட்டியில் கோடு போடுங்கள்; மாலையில் பாருங்கள். பம்பு ஓடாத ஒரு முழுப்பகல் உங்களுக்கு வேறெப்போது கிடைக்கும்? மின்சாரம் திரும்பியதும் பம்பு திடீரென்று கிளம்பி அழுத்தம் எகிறும். அந்த நேரம் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

எப்போது சர்வீஸ் இன்ஜினியர்

குளிர்வாயுச் சுற்று, எக்ஸ்ஆர்டியின் உயர் மின்னழுத்தப் பகுதி, பிளேட் எக்ஸ்சேஞ்சர் மூன்றிலும் நீங்கள் கை வைக்க வேண்டாம். ஆனால் போன் செய்வதற்கு முன் ஒரு கணக்கு போடுங்கள். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி சூடேறினால் அது எடுத்துச் செல்லும் வெப்பம் சுமார் 70 வாட். 40 கிலோவோல்ட், 40 மில்லியாம்பியரில் ஓடும் எக்ஸ்ஆர்டி டியூப் 1,600 வாட் சக்தியில் ஏறக்குறைய முழுவதையும் வெப்பமாகவே தள்ளுகிறது. 4 லிட்டர் ஓட்டத்தில் தண்ணீர் உள்ளே போவதற்கும் வெளியே வருவதற்கும் 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம் இருக்க வேண்டும். 10 டிகிரி காட்டினால் ஓட்டம் குறைந்திருக்கிறது: ஃபில்டரோ நீர்வழியோ அடைபட்டிருக்கலாம். வித்தியாசம் சரியாக இருந்தும் தொட்டியே சூடேறிக்கொண்டு போனால் கோளாறு குளிரூட்டும் பக்கத்தில்.

டிடிஎஸ், தொட்டி மட்டம், ஓட்டம், உள்-வெளி வெப்பநிலை, அறையின் ஈரப்பதம். இந்த ஐந்தையும் ஒரு நோட்டில் வாராவாரம் எழுதி, அந்த நோட்டைச் சில்லரிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ‘ஒழுகுதுங்க சார்’ என்று மட்டும் சொன்னால் வருபவர் வெறும் பையோடு வந்து பார்த்துவிட்டுப் போவார். இந்த ஐந்து எண்களைச் சொன்னால், சீலா ஃபில்டரா எக்ஸ்சேஞ்சரா என்று முன்பே தெரிந்து, வேண்டிய உதிரிப் பாகத்தோடு வருவார்.